பட்டியலில் இடம் கிடைக்காத சுரப்பி

தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தை 2023இல் பெயர் மாற்றி விரித்தபோது எந்தெந்த நோய்க்கு இடம் கிடைத்தது என்பது வாசகர்கள் அறிந்ததுதான். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்களும் முன்பே இருந்தன. நாட்பட்ட நுரையீரல் நோய், ஆஸ்துமா, நாட்பட்ட சிறுநீரக நோய், மதுவால் வராத கல்லீரல் கொழுப்பு ஆகியவையும் திட்டத்துக்குள் வந்தன. வந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லாமே வர வேண்டியவைதான். ஆனால் பெரியவர்களைப் பிடிக்கும் ஹார்மோன் கோளாறுகளில் சர்க்கரைக்கு அடுத்தபடியாகப் பரவலாகக் காணப்படும் தைராய்டுக் குறைபாட்டை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். இது கவனக்குறைவு என்றால் மன்னிக்க முடியாத கவனக்குறைவு. தெரிந்தே எடுத்த முடிவு என்றால் அதைவிட மோசம்.

தெரியாமல் இருந்திருக்க வழியில்லை. சென்னை உட்பட எட்டு நகரங்களில் 5,376 பெரியவர்களைச் சோதித்த ஆய்வு 2013லேயே வெளிவந்துவிட்டது. அதில் 10.95 விழுக்காட்டினருக்குத் தைராய்டு குறைவாகச் சுரந்தது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தன் உடம்பில் இப்படி ஒரு நோய் இருப்பதே அதுவரை தெரியாது. கடலோர நகரங்களைவிட உள்நாட்டு நகரங்களில் பாதிப்பு கூடுதல் என்பதும் அந்த ஆய்விலேயே இருக்கிறது. இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேறு என்ன வேண்டும்? தேசியக் குடும்ப நல ஆய்வுகூட வீட்டுக்கு வந்து, ‘கழுத்துக் கழலையோ தைராய்டோ இருக்கிறதா’ என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போகிறது. எண்ணிக் கணக்கெழுதத் தகுதியான நோய், தேடிப் பிடித்துக் கட்டுப்படுத்த மட்டும் தகுதியில்லாத நோயாகிவிட்டது.

வெண்ணந்தூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தறி ஓடும் வீடுகளில் இந்த நோய் எப்படி ஒளிந்துகொள்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நாற்பதை நெருங்கும் ஒரு பெண் தார் சுற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விரல் நுனி மரத்துப்போகிறது. அறுந்த இழையைப் பிணைக்கப் போனால் நூல் கையில் நிற்பதில்லை. ‘தறி வேலைன்னா கை மரக்கத்தானே செய்யும்’ என்று பேச்சு முடிந்துவிடுகிறது. தைராய்டு குறைந்தால் மணிக்கட்டுக்குள் நரம்பு போகும் இடுக்கான பாதையில் திசு தடித்து நரம்பை நெரிக்கும் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. குரல் கரகரத்துத் தடிக்கிறது. தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியதால் என்கிறார்கள். முகம் ஊதுகிறது, உடம்பு கனக்கிறது, மலச்சிக்கல் தீருவதில்லை, தோல் சொரசொரவென்று காய்கிறது, சீப்பெடுத்தால் முடி கொத்தாக வருகிறது. சித்திரை வெயிலில்கூட விசிறியை நிறுத்தச் சொல்கிறார். மாதவிலக்கு அதிகமாகப் போய் ரத்தம் குறைகிறது. சத்து மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். எந்நேரமும் தூங்கி வழிகிறாள் என்று மாமியார் குறைப்படுகிறார். எதிலும் பிடிப்பில்லாமல் அவர் அழுதுகொண்டிருந்தால் அதற்கும் ஒரு பெயர் வைத்துக் கோயிலுக்கோ மனநல மருத்துவரிடமோ அழைத்துப் போகிறார்கள். ஒவ்வொரு தொல்லைக்கும் தனித்தனியாக ஒரு காரணம் கைவசம் இருப்பதால் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் ஒரே காரணம் ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படுவதில்லை. பீஸ் கணக்கில் கூலி வாங்கும் குடும்பத்தில் கை மெதுவானால் கூலியும் குறையும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆண்களுக்கு வராது என்பதில்லை. பெண்களுக்குப் பல மடங்கு அதிகம் என்பதுதான் உண்மை. பெண்களின் நோய் என்பதால்தான் பட்டியலில் பின்னுக்குப் போனதோ என்ற சந்தேகம் நமக்கு உண்டு. இல்லை என்று மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கட்டும்.

முப்பது வயது தாண்டியவர்களை வீடு வீடாகப் போய்க் கேட்பதற்கென்று மத்திய அரசு ஒரு படிவம் வைத்திருக்கிறது. அதைப் படித்துப் பார்த்தால் ஆத்திரம் வருகிறது. ‘குரல் மாறியிருக்கிறதா’ என்று அதில் ஒரு கேள்வி உண்டு. அது புற்றுநோயைத் தேடி. ‘கை, கால் மரத்துப்போகிறதா’ என்று ஒரு கேள்வி உண்டு. அது தொழுநோயைத் தேடி. இரண்டுக்கும் ‘ஆம்’ என்று சொல்லும் பெண்ணைப் பார்த்து, ‘தைராய்டாக இருக்குமோ’ என்று யோசிக்க அந்தப் படிவத்தில் வழியில்லை. நோயின் குறியை வாயாரக் கேட்டு, காதாரக் கேட்டு, வேறு கட்டத்தில் குறித்துக்கொண்டு எழுந்து போய்விட வேண்டியதுதான். கழுத்தில் வீக்கம் இருக்கிறதா என்ற ஒரே ஒரு கேள்வியைச் சேர்க்க எவ்வளவு மை செலவாகும்?

சிகிச்சை கடினம் என்றாலாவது ஒரு சமாதானம் சொல்லலாம். பெரியவர்களின் நோய்களில் இதைப் போலக் கண்டுபிடிக்கவும் கட்டுப்படுத்தவும் எளிதானவை அதிகமில்லை. கொஞ்சம் ரத்தம் எடுத்து டி.எஸ்.எச். அளவு பார்த்தால் சந்தேகம் பெரும்பாலும் தெளிந்துவிடும். தைராய்டு சோம்பினால் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி அதை விரட்டுவதற்காக இந்த ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும். அதனால்தான் இந்த அளவு ஏறுகிறது. ரத்தத்தில் கொழுப்பு காரணமில்லாமல் ஏறிக்கிடப்பவர்களுக்கும், நாடி வழக்கத்துக்குக் குறைவாக அடிப்பவர்களுக்கும் இந்தச் சோதனையை முதலிலேயே பார்த்துவிட வேண்டும். குறை என்று தெரிந்தால் லெவோதைராக்சின் மாத்திரை. அமெரிக்க வேதியியலாளர் எட்வர்ட் கெண்டல் 1914 டிசம்பர் 25 அன்று தைராய்டிலிருந்து பிரித்தெடுத்த அதே பொருள்தான், இன்று ஆலையில் செய்யப்படுகிறது. நூறாண்டு தாண்டிய அறிவு. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது, விலைக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, ஒரு நாளைக்கு ஓரிரு ரூபாய்க்கு மேல் ஆகாது.

மாத்திரையை எழுதிக் கொடுப்பதோடு வேலை முடிவதுமில்லை. காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்கி, டீக்கும் பலகாரத்துக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். விடியலில் தறிக்கு முன்னால் நிற்பதற்குள் ஒரு டீ குடித்துவிடும் ஊர் இது. டீயோடு விழுங்கிய மாத்திரை முழுதாக உடம்பில் சேராது. ரத்தசோகைக்குக் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்தே விழுங்கினால் இன்னும் மோசம். நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காலையில் முடியாதவர்கள், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது போட்டுக்கொள்ளலாம். மாத்திரையோ அளவோ மாறினால் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்த மருந்து உடம்பில் மெதுவாகத்தான் நிலைகொள்ளும். ‘சரியாயிருச்சு’ என்று தானே நிறுத்தக் கூடாது. இதையெல்லாம் உட்கார்ந்து சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் நம் மாநிலத்தில் இருக்கிறார் என்பதுதான் இதில் வேதனை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. ஐ.நா. அமைப்பு 2024இல் விருது கொடுத்துப் பாராட்டிய திட்டம். நாமும் பாராட்டியிருக்கிறோம், இன்றும் பாராட்டுகிறோம். ஒரே தெருவில், ஒரே வீட்டில், மாமனாரின் சர்க்கரை மாத்திரை வாசலுக்கு வருகிறது. மருமகளின் தைராய்டு மாத்திரைக்கு அவரே இராசிபுரத்துக்கோ சேலத்துக்கோ பஸ் ஏற வேண்டும், ஒரு நாள் கூலியை விட வேண்டும், தனியார் கூடத்தில் ரத்தம் கொடுத்தால் சில நூறு ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். முதல் மாதம் போவார், இரண்டாம் மாதமும் போவார். பண்டிகைக்குச் சேலை அனுப்ப வேண்டிய அவசரம் வந்தால் நின்றுவிடுவார். நின்றபின் ஏன் வரவில்லை என்று கேட்டு யாரும் வரப்போவதில்லை, பட்டியலில்தான் இல்லையே.

சேலம் சாலைகளில் கருத்தரிப்பு மையங்களின் பலகைகள் பெருகிக்கொண்டே போகின்றன. குழந்தைக்காக நகையை அடகு வைத்துவிட்டு அந்த வாசலில் நிற்கும் தம்பதிகளில் எத்தனை பேருக்கு, கருத்தரிப்பதையும் தடுக்கக்கூடிய தைராய்டுக் குறைபாட்டுக்காக முதலில் பார்த்திருக்க வேண்டிய டி.எஸ்.எச். சோதனையை ஊரிலேயே, நேரத்தோடு பார்த்தார்கள்?

தைராய்டை இப்படி ஒதுக்குவது முடிவெடுப்பவர்களுக்குப் புதிதுமல்ல. தைராய்டு என்றாலே இவர்கள் தடுமாறுவது வழக்கமாகிவிட்டது. இமயமலைச் சாரலில் கங்ரா பள்ளத்தாக்கில் 1956 முதல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் அயோடின் கலந்த உப்பை ஒரு பகுதிக்கும் வெறும் உப்பை இன்னொரு பகுதிக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். கழலை எதனால் குறைகிறது என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிறுவினார்கள். 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. வந்த திட்டம் கழலையை மலைநாட்டு நோயாகவே பார்த்தது. பாதிக்கப்பட்டதாக அடையாளம் கண்ட பகுதிகளுக்கு மட்டும் அயோடின் உப்பு அனுப்பினால் போதும் என்று இருந்துவிட்டார்கள். நாடு முழுவதற்கும் அயோடின் உப்பு என்று கொள்கை அளவில் முடிவுசெய்ய 1983 ஆனது. இருபத்தோரு ஆண்டு. சமவெளியில் அதற்குள் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். அயோடின் கலக்காத உப்பை மக்கள் சாப்பிட விற்கக் கூடாது என்று நாடு முழுவதும் தடை விதித்தவர்களே, 2000இல் அந்தத் தடையை நீக்கினார்கள். தனிமனித விருப்பத்தில் அரசு தலையிடலாகாதாம். வயிற்றில் வளரும் குழந்தையின் மூளைக்கு அயோடின் வேண்டும். அந்தக் குழந்தைக்கு ஏது விருப்பம் தெரிவிக்கும் வாய்? 1998-99இல் நாட்டின் பாதி வீடுகளை எட்டியிருந்த போதிய அயோடின் உப்பு, 2002-ஐ ஒட்டி நடந்த மாவட்ட அளவிலான கணக்கெடுப்பில் முப்பது விழுக்காடு அளவுக்குச் சரிந்திருந்தது. தடை மறுபடி நடைமுறைக்கு வர 2006 மே மாதம் ஆனது. ஆறு ஆண்டுகள் போனதற்கு யாரும் பதில் சொன்னதில்லை. அதன் தழும்பு இன்னும் இருக்கிறது. குஜராத்துக்கு அடுத்தபடியாக அதிக உப்பு விளைவிக்கும் தமிழகத்தில், 2018-19 கணக்கெடுப்பின்படி போதிய அயோடின் உப்பு சேர்ந்த வீடுகள் 61.9 விழுக்காடு, நாட்டின் சராசரியோ 76.3. தூத்துக்குடியிலிருந்து நாடெங்கும் உப்பு போகிறது, நம் வீட்டு ஜாடியில் அயோடின் இல்லாத கல் உப்பு கிடக்கிறது. கால்நடைக்கும் பதப்படுத்தவும் என்று விலக்குப் பெற்று வரும் மூட்டை எந்த வழியில் அடுப்படிக்குள் நுழைகிறது என்று கண்காணிக்க வேண்டியவர்கள் எங்கே போனார்கள்?

இன்று பெரியவர்களுக்கு வரும் தைராய்டுக் குறைபாட்டில் பெரும்பகுதி, உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்குவதால் வருகிறது, உப்பு மட்டும் அதைத் தடுத்துவிடாது. அதனால்தான் சோதனையும் மாத்திரையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்கிறோம்.

கர்ப்பிணிகள் விஷயத்திலும் இதே அரைமனசுதான். 2014இல் வந்த தேசிய வழிகாட்டுதல், ஆபத்துக் கூறுகள் உள்ள கர்ப்பிணிகளுக்கு மட்டும் தைராய்டு பார்த்தால் போதும் என்றது. அப்படிப் பொறுக்கியெடுத்துப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக் குறைபாடு கண்ணில் படாமல் தப்பும் என்று பிரிட்டனில் 2007லேயே ஓர் ஆய்வு சொல்லியிருந்தது. ஏழாண்டு முன்னால் அச்சில் வந்ததை எடுத்துப் படிக்கக்கூட நேரமில்லாதவர்களா கருவிலிருக்கும் குழந்தைக்கு எது போதும் என்று தீர்மானிப்பது?

அறிகுறியே இல்லாத எல்லாப் பெரியவர்களுக்கும் ரத்தம் எடுக்க வேண்டியதில்லை என்ற மருத்துவ வாதம் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. லேசாக ஏறிய டி.எஸ்.எச். எண்ணைப் பார்த்துப் பயந்து ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்க வைப்பதும் தவறுதான். ஆனால் குரல் மாறி, கை மரத்து, முகம் ஊதி, கண் முன்னால் உட்கார்ந்திருப்பவரை ‘அறிகுறி இல்லாதவர்’ என்று எந்த மருத்துவ நூல் சொல்கிறது? நாம் கேட்பது அவருக்காக.

என்ன செய்ய வேண்டும் என்பதை வகுக்க வேண்டியவர்கள் பொறுப்பில் இருப்பவர்கள். படிவத்தைத் திருத்துவார்களோ, வீட்டுக்கு வரும் மருந்துப் பையில் இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பார்களோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தம் எடுத்து முடிவை ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்வார்களோ, ஏதாவது ஒரு வழியில் தறிக்குடும்பத்துப் பெண் கூலியை இழக்காமல் வைத்தியம் பெற வேண்டும். மாநிலம் செய்யட்டும், மத்திய அரசு செய்யட்டும், இருவரும் ஒருவர் மேல் ஒருவர் பழி போடாமல் சேர்ந்து செய்யட்டும். அதற்கு முன்னால், 2023இல் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள், பத்தில் ஒருவருக்கு இருக்கும் நோயை எந்தக் காரணத்துக்காக ஒதுக்கினார்கள் என்பதை எழுத்தில், எல்லோரும் படிக்கும்படி வெளியிட வேண்டும்.