திரை குழம்பினால் உடனே ‘போர்மட்’ செய்யக் கொடுக்காதீர்கள்



வீட்டு விறாந்தையில் ஒரு மடிக்கணினியும் ஒரு பிறின்டரும் வைத்துத் தட்டச்சுத் தொழில் செய்யும் வாசகி ஒருவர் இம்மாதம் எழுதியிருக்கிறார். இரவு கணினி தானாகவே ‘அப்டேட்’ எடுத்துக்கொண்டதாம். காலையில் திறந்தால் திரை விட்டுவிட்டு மின்னுகிறது, இடையிடையே கறுத்துப் போகிறது. கடையில் காட்டியபோது, பார்த்த மாத்திரத்தில், “போர்மட் பண்ண வேணும் அக்கா, உள்ளுக்கு இருக்கிறது ஒன்றும் மிஞ்சாது” என்று சொல்லிவிட்டார்கள். உள்ளுக்கு இருப்பது பிறருடைய கல்யாண அழைப்பிதழும் விண்ணப்பப் படிவமும் மட்டுமல்ல. கணவர் காணாமற்போனது பற்றிப் பொலிசுக்கும், மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும், 2018 இல் இயங்கத் தொடங்கிய காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அவருடைய படமும் அதற்குள்தான். மூலப்படம் ஈரம்பட்டு அழிந்துவிட்டது. “கொடுக்கவா, விடவா?” என்று கேட்கிறார்.

கொடுக்க வேண்டாம். குறைந்தபட்சம் இன்றைக்குக் கொடுக்க வேண்டாம்.

திரை வேறு, கோப்புகள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் வேறு. தையல் இயந்திரத்தின் விளக்கு அணைந்தால் தைத்து வைத்த சட்டை கிழிந்துவிடுவதில்லை. அதுபோலத் திரை மின்னினாலும், கோடு விழுந்தாலும், முழுக்கக் கறுத்தாலும், உங்கள் கடிதங்களும் படங்களும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். அவற்றை அழிப்பது அப்டேட் அல்ல, அதற்குப் பின் அவசரப்பட்டுச் செய்யும் போர்மட்தான். பழுதைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே போர்மட் என்று சொல்வது மருத்துவமல்ல, சோம்பல் என்பதே என் அபிப்பிராயம்.

ஏன் இப்படி நடக்கிறது? கணினிக்குள் படத்தைத் திரைக்கு அனுப்ப ஒரு சிப் இருக்கிறது. அந்தச் சிப்போடு விண்டோஸ் பேசுவதற்கு ஒரு சிறு மென்பொருள் வேண்டும். அதற்கு ‘ட்ரைவர்’ என்று பெயர். அப்டேட் வரும்போது சில வேளை அந்த ட்ரைவரும் சேர்ந்து மாறிவிடும். அல்லது விண்டோஸ் மாற, ட்ரைவர் பழையதாகவே நின்றுவிடும். இருவருக்கும் பாஷை ஒத்துவராதபோது திரை குழம்புகிறது.

இந்தத் தொல்லை இப்போது கூடியிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் 10 க்கு மைக்ரோசொப்ட் வழங்கிவந்த இலவசப் பாதுகாப்பு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. அதனால் பலர் விண்டோஸ் 11 க்கு மாறினார்கள். ஆனால் 11 கேட்பது, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாந் தலைமுறைக்குக் குறையாத சிப்பை. அது 2017 இல்தான் வந்தது. நம்மில் பலரிடம் இருப்பதோ அதற்கும் முந்திய, பாவித்த மடிக்கணினி. அவற்றுக்கும் குறுக்கு வழியில் 11 ஐப் போட்டுக் கொடுக்கிறார்கள். போடலாம், ஓடும். ஆனால் அந்தப் பழைய சிப்புக்கு விண்டோஸ் 11 க்கென்று எழுதப்பட்ட ட்ரைவர் இல்லாமல் இருக்கலாம். பாவித்த கணினி வாங்கும்போது “11 போட்டிருக்கு” என்று சொன்னால், எத்தனையாந் தலைமுறை என்று கேளுங்கள்.

சரி, பழுது எங்கே என்று கண்டுபிடிப்போம். கணினியை நிறுத்தி மீண்டும் போடுங்கள். விண்டோஸ் வருவதற்கு முன், முதலில் கணினிக் கம்பனியின் பெயர் தோன்றுமல்லவா? அந்த நேரத்திலேயே கோடுகள் தெரிந்தால் அப்டேட்டில் குற்றமில்லை. திரைப் பலகையோ, மூடித் திறக்கும் இடத்தில் ஓடும் வயரோ, சிப்போ பழுது. போர்மட் செய்தாலும் அந்தக் கோடு போகாது. பெயர் தெளிவாகத் தெரிந்து, விண்டோஸ் வந்த பிறகுதான் குழப்பம் என்றால் பெரும்பாலும் ட்ரைவர்தான்.

வீட்டில் எச்.டி.எம்.ஐ. துளை உள்ள தொலைக்காட்சி இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம். வயரால் கணினியை அதனுடன் இணைத்து, விண்டோஸ் பட்டனையும் ‘பி’ எழுத்தையும் சேர்த்து அழுத்தி, ‘டுப்ளிகேட்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். தொலைக்காட்சியில் படம் சுத்தமாக இருந்து மடிக்கணினியில் மட்டும் கோடு என்றால் பழுது மடிக்கணினியின் திரையில் அல்லது வயரில். இரண்டிலும் ஒரே குழப்பம் என்றால் ட்ரைவர் அல்லது சிப். கடைக்குப் போகுமுன் இதைத் தெரிந்துகொண்டு போவது காசை மிச்சப்படுத்தும். என்ன பழுது என்று தெரிந்து வந்திருக்கும் பெண்ணிடம் கடைக்காரர் கதைக்கும் விதமே வேறு.

மின்னல் மட்டும் என்றால் கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். ‘டாஸ்க் மனேஜர்’ என்ற பெட்டி திறக்கும். அந்தப் பெட்டியும் சேர்ந்து மின்னினால் ட்ரைவர். பெட்டி அசையாமல் நிற்க, பின்னால் உள்ளவை மட்டும் மின்னினால் நீங்கள் போட்ட ஏதோ ஒரு செயலி. அண்மையில் போட்டதை நீக்கிப் பாருங்கள்.

இனித் திருத்தம். விண்டோஸ் பட்டன், கொன்ட்ரோல், ஷிப்ட், ‘பி’ எழுத்து ஆகிய நான்கையும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். (இங்கே சொல்வது பனானாவில் வரும் ‘பி’. முன்னர் தொலைக்காட்சிக்குச் சொன்னது பேப்பரில் வரும் ‘பி’. தமிழில் இரண்டும் ஒரே எழுத்தாகிவிடுவதால் குழம்ப வேண்டாம்.) திரை ஒரு கணம் கறுத்து, ஒரு ‘பீப்’ சத்தம் வரும். ட்ரைவர் மட்டும் உறங்கி எழும்புகிறது. திறந்திருக்கும் கடிதம் மூடப்படாது. சில வேளை இதோடேயே சரியாகிவிடும்.

சரியாகாவிட்டால் பழைய ட்ரைவருக்குத் திரும்ப வேண்டும். கீழே உள்ள ஸ்டார்ட் அடையாளத்தின் மேல் மவுஸின் வலது பக்கத்தை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் ‘டிவைஸ் மனேஜர்’, அதற்குள் ‘டிஸ்பிளே அடாப்டர்ஸ்’. அதைத் திறந்தால் உங்கள் சிப்பின் பெயர் இருக்கும். அதன் மேல் வலது பக்கத்தை அழுத்தி ‘ப்ரொபர்டீஸ்’, பிறகு ‘ட்ரைவர்’ என்ற தாள், அங்கே ‘ரோல் பாக் ட்ரைவர்’. அந்த எழுத்து மங்கலாக இருந்தால் திரும்பிப் போகப் பழைய ட்ரைவர் இல்லை என்று அர்த்தம். அப்படியானால் அதே தாளில் ‘அன்இன்ஸ்டோல் டிவைஸ்’ என்பதை அழுத்தி, ட்ரைவரையும் நீக்கவா என்று கேட்கும் சிறு கட்டத்தில் சரி அடையாளம் இட்டு, கணினியை மீண்டும் போடுங்கள்.

இப்போது எழுத்துகள் பெருத்து, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியாமல் இருக்கலாம். பயப்பட வேண்டாம். சொந்த ட்ரைவர் இல்லாதபோது விண்டோஸ் தன்னிடமுள்ள பொதுவான ட்ரைவரால் சமாளிக்கிறது. வடிவாக இல்லாவிட்டாலும் தெளிவாக இருக்கும், வேலை நடக்கும். கணினியின் அடிப்பக்கத்தில் உள்ள மொடல் இலக்கத்தைக் குறித்து, அந்தக் கம்பனியின் தளத்திலிருந்தே சரியான ட்ரைவரை எடுத்துப் போடலாம். ‘எல்லா ட்ரைவரும் இலவசம்’ என்று வேறு தளங்கள் கூப்பிட்டால் போகாதீர்கள்.

குற்றம் அப்டேட்டிலேயே என்றால் அதையும் நீக்கலாம். விண்டோஸ் 11 இல் ‘செட்டிங்ஸ்’, ‘விண்டோஸ் அப்டேட்’, ‘அப்டேட் ஹிஸ்டரி’, ‘அன்இன்ஸ்டோல் அப்டேட்ஸ்’ என்ற வழியில் போனால் திகதியோடு பட்டியல் இருக்கும். 10 இலிருந்து 11 க்கே மாறியிருந்தால், மாறிய நாளிலிருந்து 10 நாட்களுக்குள் ‘சிஸ்டம்’, ‘ரிகவரி’, ‘கோ பாக்’ மூலம் பழையதற்குத் திரும்பலாம். கோப்புகள் அப்படியே இருக்கும். மாறிய பின் போட்ட செயலிகள் மட்டும் போய்விடும். அந்தப் பத்து நாட்களுக்குள் ‘இடம் போதாது’ என்று டிஸ்கைச் சுத்தம் செய்யும்போது பழைய விண்டோஸையும் அழித்துவிட்டால் திரும்பும் வழி அடைபட்டுவிடும்.

ஒன்றுமே தெரியாமல் திரை முழுக்கக் கறுப்பு என்றால்? முதலில் விண்டோஸ் பட்டனோடு பேப்பரின் ‘பி’யை அழுத்திப் பாருங்கள். படம் இல்லாத இரண்டாந் திரைக்குப் போய்விட்டதாலும் கறுக்கும். அதுவல்ல என்றால், விண்டோஸ் ஏறத் தொடங்கும்போது பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி அணையுங்கள். இப்படி இரண்டு, மூன்று தடவை செய்தால் நீல நிறத்தில் திருத்தப் பக்கம் வரும். அதில் ‘ட்ரபிள்ஷூட்’, ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’ என்று போனால் கடைசி அப்டேட்டை நீக்கும் வழியும், ‘ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்’ ஊடாகச் ‘சேப் மோட்’டில் திறக்கும் வழியும் உண்டு. சேப் மோட்டில் கணினி தன் சொந்தத் திரை ட்ரைவரைத் தொடாது. அங்கே திரை தெளிவாக இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் ட்ரைவர்தான்.

இந்தப் பக்கத்தில் ‘ரீசெட்’ என்றும் ஒன்று இருக்கும். கை போகும், போக விடாதீர்கள். அதற்குள் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்பது எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

திரை வெறும் சாம்பல் நிறமாகிவிட்டது என்று எழுதும் சகோதரிகளுக்கு ஒரு சொல். அது பெரும்பாலும் பழுதே அல்ல. நிற வடிகட்டி தவறுதலாகத் திறபட்டிருக்கும். விண்டோஸ், கொன்ட்ரோல், ‘சி’ மூன்றையும் அழுத்தினால் நிறம் திரும்பிவிடும்.

திரை எப்படியோ தெரியத் தொடங்கியதும் முதல் வேலை, பென் ட்ரைவைக் குத்தி டெஸ்க்டொப், டொகியுமன்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நான்கையும் பிரதி எடுப்பது. தொலைக்காட்சியில் மட்டும் தெரிந்தாலும் அங்கேயே பார்த்து எடுக்கலாம். இடம்பெயர்ந்த நாட்களில் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் ஷொப்பிங் பையில் சுற்றிக் கையோடு வைத்திருந்தவர்கள் நாங்கள். இதற்கு மட்டும் ஏன் ஒரே ஒரு பிரதியை நம்ப வேண்டும்? இரண்டு பென் ட்ரைவில் எடுத்து, ஒன்றை அக்கா தங்கை வீட்டில் வையுங்கள். பிரதி எடுத்ததும் வேறொரு கணினியில் குத்தி ஒரு படத்தையாவது திறந்து பாருங்கள்.

இவ்வளவுக்குப் பின்னும் சரிவராவிட்டால் கடைக்குக் கொடுக்கலாம். “திரையை மட்டும் பாருங்கள், என்னைக் கேட்காமல் போர்மட் செய்யக்கூடாது” என்று துண்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். கணினியே திறக்காவிட்டாலும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறொரு கணினியில் பூட்டிக் கோப்புகளை எடுக்கும் வழி பெரும்பாலான மடிக்கணினிகளில் உண்டு. அதை நீங்களே கேளுங்கள். உங்கள் குடும்பப் படங்கள் உள்ள கணினி என்றால் முன்னால் இருந்து செய்விப்பது நல்லது. கடவுச்சொல்லைக் கொடுக்க நேர்ந்தால், வந்தவுடன் மாற்றிவிடுங்கள்.

விண்டோஸ் 11 இல் ஒரு புதுச் சிக்கலையும் சொல்ல வேண்டும். சில கணினிகள் டிஸ்கைத் தாமாகவே பூட்டி வைத்திருக்கும். அந்தப் பூட்டின் பெயர் ‘பிட்லொக்கர்’. டிஸ்கைக் கழற்றினாலோ சேப் மோட்டுக்குப் போனாலோ 48 இலக்கச் சாவி கேட்கலாம். சாவி இல்லாவிட்டால் உரிமையாளருக்கும் திறக்காது. அந்தச் சாவி வழமையாக, கணினியில் பதிந்த மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும். கணினி சுகமாக இருக்கும்போதே ‘செட்டிங்ஸ்’ தேடலில் ‘பிட்லொக்கர்’ அல்லது ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்று தட்டிப் பார்த்து, திறந்திருந்தால் சாவியைக் கடதாசியில் எழுதி அடையாள அட்டையோடு வையுங்கள்.

கடையிலிருந்து திரும்பி வந்த கணினியில் திரை கண்ணாடி போல இருந்தும், பழைய தமிழ்க் கடிதங்கள் மட்டும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிவதுண்டு. கடிதம் அழிந்துவிட்டது என்று மூடிவிடாதீர்கள். அவை பாமினி எழுத்துருவில் அடித்தவையாக இருக்கும். பாமினி, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தைக் காட்டும் முறை. புது விண்டோஸில் அந்த எழுத்துரு இல்லாததால் உள்ளே உள்ள ஆங்கில எழுத்து வெளியே தெரிகிறது. பாமினிக் கோப்பை எடுத்து, அதன் மேல் வலது பக்கத்தை அழுத்தி ‘இன்ஸ்டோல்’ கொடுத்தால் கடிதம் பழையபடி தமிழாகிவிடும். லதா எழுத்துருவில் அடித்த படிவங்கள் வரி மாறி, இரண்டு பக்கம் மூன்று பக்கமாக நீண்டாலும் காரணம் இதுபோன்றதே. விண்டோஸ் 10 தொடக்கம் லதா தனியாகச் சேர்க்க வேண்டிய ஒன்றாகிவிட்டது. இணைய இணைப்போடு ‘செட்டிங்ஸ்’ தேடலில் ‘ஒப்ஷனல் பீச்சர்ஸ்’ என்று தட்டி, ‘தமிழ் சப்ளிமென்டல் பொன்ட்ஸ்’ என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாமினிக் கோப்பையோ அந்தப் பென் ட்ரைவிலேயே ஒரு பிரதி போட்டு வையுங்கள்.