கொப்பி அவருடையது

வயல் செய்கின்ற எமது குடும்பங்களுக்குக் கொப்பியில் குறித்து வைப்பது புதிய பழக்கமல்ல. விதைத்த நாள், பசளை போட்ட நாள், கடையில் பட்ட கடன் எல்லாவற்றையும் எழுதியே வைக்கின்றோம். இடம்பெயர்ந்தபோது காணி உறுதியோடு அந்தக் கொப்பியையும் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டவர்கள் உண்டு. எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் இளைஞர்களுக்கும் தினமும் எழுதும் ஒரு கொப்பி கைகொடுக்கும் என நாம் எண்ணியது இதனாலேயே. எண்ணம் சரி, ஆனால் தொடக்கத்தில் அதைப் பிழையாகச் செய்தோம்.

இத்தொற்றுள்ள முதலாவது இலங்கையர் 1987இல் இனங்காணப்பட்டார். அக்காலத்தில் வலுவான சிகிச்சை இருக்கவில்லை. 1996 அளவில்தான் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை உலகில் வழக்கத்துக்கு வந்தது. அப்போது நாளுக்குப் பல வேளை, கை நிறையக் குளிசைகள். இன்று பெரும்பாலானோருக்கு நாளுக்கு ஒரு குளிசை போதும். அரச கிளினிக்கில் அதற்குப் பணம் இல்லை. ஒழுங்காக எடுத்தால் இரத்தத்தில் வைரஸ் அளவிட முடியாதபடி குறையும். அந்நிலை நீடிக்கும்வரை உடலுறவினாலும் பிறருக்குத் தொற்றாது. விட்டுவிட்டு எடுத்தால் வைரஸ் மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். (ஒரே கோப்பையில் சாப்பிடுவதால் தொற்றாது என்பதை இன்னும் சொல்ல வேண்டியிருப்பது வேறு கவலை.)

ஒரு குளிசைக்கு எதற்குக் கொப்பி என்று கேட்பீர்கள். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் இருபத்திரண்டு வயதுப் பையன் அதை எங்கே வைப்பான், யார் பார்க்காதபோது விழுங்குவான் என்று யோசித்துப் பாருங்கள். பெண்கள் கிணற்றடியிலாவது மனம்விட்டுப் பேசுவார்கள். எங்கள் பையன்களோ பேசமாட்டார்கள்.

நாம் முதலில் கொடுத்த கொப்பியில் கோடு கீறி, "மருந்து எடுத்தீரா?" என்று கட்டம் போட்டு, மாத முடிவில் வாங்கிப் பார்த்தோம். ஓர் இளைஞரின் கொப்பியில் முப்பது நாளும் சரி அடையாளம். ஒரே பேனை, ஒரே அழுத்தம்; ஒரே இருப்பில் போட்டது தெரிந்தது. இரத்தப் பரிசோதனையில் வைரஸ் கூடியிருந்தது. அவர் எமக்காக எழுதியிருந்தார். கொப்பியை மேற்பார்வைப் புத்தகமாக்கியது எமது குற்றம்.

பிறகு 80 பக்கக் கொப்பி ஒன்றை வெறுமையாகக் கொடுத்து, இனி இதைக் கேட்கமாட்டோம் என்றோம். சில மாதங்களின் பின் அவராகவே இரண்டு வரி வாசித்துக் காட்டினார். இரவில் வயற்காவலுக்குப் போகும் நாட்களில், கூட இருப்பவர்கள் மருந்துப் போத்தலைக் காண்பார்களே என்று வீட்டிலேயே விட்டுப் போனாராம். வைத்தியரிடம் சொன்னார், மருந்து நேரத்தைக் காலைக்கு மாற்றிக்கொண்டார். எந்தக் கட்டத்திலும் இது அகப்பட்டிராது. அவருடைய சம்மதத்துடனேயே இதை எழுதுகின்றோம்.

எழுதுவதும் ஆபத்தில்லாததல்ல. கொப்பி பிறர் கையில் அகப்பட்டால் ஊர் முழுதும் அறியும். ஆகையால் நோயின் பெயரையோ மருந்தின் பெயரையோ எழுத வேண்டியதில்லை. சுவரில் தொங்கும் கலண்டரில் ஒரு புள்ளி வைத்தாலே குளிசைக்குப் போதும். தலைச்சுற்று, நித்திரையின்மை, வேறு குளிசை எடுத்த நாள் ஆகியவற்றைக் குறித்தால் வைத்தியருக்கு உதவும். வயிற்றெரிவுக்கும் இரத்தச்சோகைக்கும் எடுக்கும் சில குளிசைகள் இம்மருந்தின் வேலையைக் குறைக்கும். மற்றது எல்லாம் அவர் விருப்பம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மகனின் கொப்பி தலையணைக்குக் கீழே கண்ணில் பட்டால், திறக்காமல் இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

அந்த இளைஞரின் முதற் கொப்பி முடிந்துவிட்டது. அடுத்ததை அவரே சந்தியிலுள்ள கடையில் வாங்கிக்கொண்டார்.