பனிக்கட்டி யாருடையது? பணம் யாருடையது?

கலைக் கண்காட்சி கனவான்களின் பொழுதுபோக்கு, உழைப்பவனுக்கு அங்கே என்ன வேலை என்று தோழர்கள் சிலர் கேட்பதுண்டு. வேலை இருக்கிறது என்கிறோம் நாம்.

லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் 'டேட் மாடர்ன்' என்றொரு கலைக்கூடம். முன்பு எண்ணெய் எரித்து மின்சாரம் தந்த மின்நிலையம் அது. 1981-ல் மூடப்பட்டு, 2000-ல் கலைக்கூடமாயிற்று. 2018 டிசம்பரில் அதன் வாசலில் 24 பெரும் பனிக்கட்டிகளை வைத்தார் கலைஞர் ஓலாஃபர் எலியாசன். கிரீன்லாந்துக் கடலில் உடைந்து மிதந்தவை அவை. மக்கள் தொட்டுப் பார்த்தார்கள். காது வைத்துக் கேட்டார்கள். கண்ணெதிரே கரைந்து ஓடியது பனி. பூமி சூடேறுகிறது என்பதை நூறு பிரசங்கம் செய்தாலும் இப்படி உணர்த்த முடியாது. அந்தக் கலைஞனை நாம் பாராட்டுகிறோம்.

ஆனால் ஒரு கேள்வி. அந்தப் பூமியைச் சூடேற்றுவது எது? நிலக்கரியும் எண்ணெயும் எரிவதுதானே! 'டேட்' நிறுவனம் 1990 முதல் 2017 வரை யாரிடம் கைநீட்டியது? 'பி.பி.' எண்ணெய்க் கம்பெனியிடம்!

2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் அந்தக் கம்பெனியின் கிணற்றில் வெடிவிபத்து. 11 தொழிலாளர்கள் மாண்டனர். கடலெல்லாம் எண்ணெய். அந்த எண்ணெய் நிற்கும் முன்பே, ஜூன் மாதத்தில், கம்பெனியின் இருபதாண்டு நன்கொடைக்கு விருந்து வைத்துக் கொண்டாடியது 'டேட்'. 'லிபரேட் டேட்' என்ற இளைஞர், கலைஞர் கூட்டம் வாசலில் கரிய பாகைக் கொட்டி, "இதுதான் உங்கள் விருந்து" என்று காட்டியது.

எவ்வளவு பணம் என்று கேட்டபோது நிர்வாகம் மறைத்தது. வழக்கு நடந்தது. 2015-ல் கணக்கு வெளிவந்தது: 1990 முதல் 2006 வரை மொத்தம் 38 லட்சம் பவுன், எந்த ஆண்டும் மூன்றரை லட்சத்தை எட்டவில்லை. இவ்வளவுதானா!

நம்மூர்க் கோயிலில் குழல்விளக்கு உபயம் செய்பவர், வெளிச்சமே வெளிவராதபடி அதன்மேல் தம் பெயரை எழுதி வைப்பார். விளக்கின் விலை அற்பம். பெயருக்குக் கிடைக்கும் புண்ணியமோ அபாரம். இங்கும் அதே வியாபாரம்தான்.

பணம் எங்கிருந்து வந்தால் என்ன, கலை வளர்ந்தால் போதாதா என்பர் சில மேதாவிகள். திருடன் கொடுத்த மணியைக் கட்டிக்கொண்டு காவல் நாய் குரைக்குமா என்று கேட்கிறோம்.

போராட்டம் ஓயவில்லை. அருங்காட்சியகத் தொழிலாளரின் பி.சி.எஸ். சங்கமும் எண்ணெய்ப் பணம் வேண்டாமென்றது. கம்பெனி விலகுவதாக 2016-ல் செய்தி வந்தது. வியாபாரச் சூழ்நிலை சரியில்லை என்று காரணம் சொன்னார்கள். சொல்லட்டும்! ஆறாண்டு இடைவிடாத கிளர்ச்சிக்கு வேறு பெயர் வைக்க அவர்களுக்கு உரிமை உண்டு.

கதை முடியவில்லை. 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மியூசியம் அதே கம்பெனியிடம் பத்தாண்டுகளுக்கு 5 கோடி பவுன் பெற ஒப்புக்கொண்டது.

வெயில் முதலில் சுடுவது திறந்த வெளியில் உழைப்பவனைத்தான். ஆகவே இது நம் பிரச்சினை. மக்கள் கலைக்கூடம் மக்கள் பணத்தில் நடக்கட்டும். பனி உருகுவதைக் காட்டும் கலைஞனை வரவேற்போம். பனியை உருக்குபவனின் பணத்தை வாசலிலேயே நிறுத்துவோம்!