படத்தில் இருப்பவர் பெயரென்ன?

பினாங்கின் பழைய தெருப்படங்களை வகுப்பில் காட்டினேன். ஒன்றில் பர்மா சாலையும் மாட்டுவண்டியும் இருந்தன. அச்சாலையை ஹொக்கியன் சீனர்கள் ‘தண்ணீர்வண்டிச் சாலை’ என்றே அழைப்பர்.

“ஐயா, வண்டிக்காரர் பெயரென்ன?” என்றாள் ஒரு மாணவி. படக்குறிப்பில் சாலையின் பெயர் மட்டுமே இருந்தது. விடையின்றி நின்றேன்.

2008இல் யுனெஸ்கோ, மலாக்காவுடன் ஜார்ஜ்டவுனையும் உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்தது. கட்டடங்களைக் காக்கச் சட்டமுண்டு. அத்தெருக்களில் உழைத்தோரின் பெயர்களைக் காக்க நம்மையன்றி யாருளர்?

ஆசிரியர்களே, பழம்படங்களில் கட்டடத்தை மட்டுமன்றி, ஓரத்தில் நிற்கும் மனிதரையும் காட்டுங்கள். பெற்றோர்களே, வீட்டு ஆல்பத்தை இன்றே எடுங்கள். தாத்தா பாட்டி சொல்லச் சொல்ல, ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைப் பிள்ளைகளை எழுதச் செய்யுங்கள். நாளை அவர்களும் பெயரற்றவர்களாகிவிடக் கூடாது.