குறை டிரைவரில் இல்லை

மட்டக்களப்பு வாவியின் மீன்பாட்டைப் பதிய லினக்ஸ் உதவாது, அதன் ஒலி அட்டை டிரைவர்கள் அரைகுறையானவை என்கிறார்கள். இதில் பாதி உண்மை. சில அட்டைகளின் எஃபெக்டுகளும் உள்மிக்ஸர்களும் லினக்ஸின் ஒலி அமைப்பான அல்சாவில் முழுமையாக இயங்குவதில்லைதான். காரணம் என்ன? கிரியேட்டிவ் நிறுவனத்தின் எக்ஸ்-ஃபை அட்டை 2005இல் சந்தைக்கு வந்தது. அதற்கான டிரைவர் லினக்ஸ் கேர்னலில் சேர்ந்தது 2009இல், அதுவும் நிறுவனம் 2008இல் தன் மூலநிரலைத் திறந்துவிட்ட பிறகு. சிப்பின் விவரக்குறிப்பைப் பூட்டிவைத்தவரை விட்டுவிட்டு, அது இல்லாமலே எழுத முயன்றவரைக் குறைசொல்வது நியாயமல்ல.

சரி, கல்லடிப் பாலத்தடியில் நிலாக்கால இரவில் கேட்கும் ஒலிக்கு (மீனா ஊரியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை) உண்மையில் எது தேவை? நீருக்கடி மைக், இரைச்சல் குறைந்த முன்பெருக்கி, காத்திருக்கும் பொறுமை. மீன்கள் எழுப்பும் ஒலிகள் பெரும்பாலும் சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்குக் கீழேதான். 48 கிலோஹெர்ட்ஸ் பதிவோ ஏறத்தாழ 24 கிலோஹெர்ட்ஸ் வரை பிடிக்கும். அதில் எஃபெக்டுக்கு வேலையே இல்லை. ஒலி கணினி வழியே திரும்பி வரும் தாமதம் இருக்கிறதே என்பார்கள். ஹெட்ஃபோனில் தன் குரலைக் கேட்டபடி பாடும் பாடகருக்கு அது தொல்லை. வாவியில் பாடும் உயிருக்கு ஹெட்ஃபோன் கிடையாது. டிரைவரைப் பொறுத்தவரை, யூஎஸ்பி ஓடியோ பொதுத் தரத்தைப் பின்பற்றும் கருவிகள் பொதுவாகத் தனி டிரைவர் இன்றியே லினக்ஸில் இயங்கும். ஆகவே ஒலிக்கருவி வாங்குமுன், அது அந்தத் தரத்தைப் பின்பற்றுகிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.