காட்சிகளை அமைப்பது யார் வேலை?

பழைய இதழ்களை மின்படி எடுத்துக் காப்பாற்ற வேண்டும் என்று நாம் பல்லாண்டுகளாகப் பேசி வருகிறோம். எடுத்த படிகள் வாசகன் கண்ணில் எவ்வாறு படும் என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை. கரையான் அரித்த இதழும், கணினிக்குள் எவரும் எட்ட முடியாத இடத்தில் கிடக்கும் இதழும் வாசகனைப் பொறுத்தவரை ஒன்றுதான்.

மரத்தாலான அலமாரியில் ஒரு நூலுக்கு ஒரே இடம்தான் உண்டு. கணினியின் கோப்புறையும் அந்த அலமாரியைப் பார்த்துச் செய்ததே. ஆவண மேலாண்மை மென்பொருள்கள் இந்தக் கட்டிலிருந்து நம்மை விடுவித்தன. ஒரே ஆவணம் ஆசிரியர் வரிசையிலும், ஆண்டு வரிசையிலும், பொருள் வரிசையிலும் தோன்றலாம். படி எடுக்க வேண்டியதில்லை. ஆவணத்தோடு நாம் எழுதிவைக்கும் குறிப்புகளைக் கொண்டு மென்பொருளே அந்தந்தக் காட்சியைத் தொகுத்துக் காட்டும். 2002இல் எம்.ஐ.டி.யும் ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனமும் வெளியிட்ட டிஸ்பேஸ் இன்று பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பயன்படுகிறது. ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, பொருள் என்னும் நான்கு வழிகளும் அதில் இயல்பாகவே உண்டு.

இந்தச் சிந்தனை நமக்குப் புதிதன்று. சீர்காழியில் 1892இல் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், ஒரு நூலைப் பல முகங்கள் கொண்டதாகக் கண்டார். 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை அந்த முகங்களைத் தனித்தனியே பிரித்துப் பின் சேர்க்கிறது. இணையக் கடைகளில் விலை, நிறம், அளவு என்று நாம் வடிகட்டிப் பார்க்கிறோமே, அதற்கும் இம்முறைக்கும் உறவு உண்டு. வாசகனின் நேரத்தை மிச்சப்படுத்து என்பதும் 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்று.

ஆயினும் நடைமுறையில் நிகழ்வது என்ன? காட்சிகளை அமைப்பது கணினிக்காரர் வேலை என்று நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். எங்கள் துறையில் சிற்றிதழ்களைத் தொகுத்தபோது நாங்களும் அப்படித்தான் ஒதுங்கினோம். பசுவய்யாவும் சுந்தர ராமசாமியும் ஒருவரே என்று யாரோ சொல்ல, தொழில்நுட்பர் நல்லெண்ணத்தோடு இரு பெயர்களையும் ஒன்றாக்கிவிட்டார். சில வாரங்களில் ஒரு மாணவர் வந்து, 1959இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழில் பசுவய்யா எழுதவேயில்லையா என்று கேட்டார். நாங்கள் திகைத்துப் போனோம். கவிதைக்கென ஓர் எழுத்தாளர் தெரிந்தெடுத்த பெயரை எங்கள் பட்டியல் துடைத்துவிட்டிருந்தது. பிரித்தே வைத்திருந்தாலும் பிழைதான். புதிய வாசகர் இருவரையும் வெவ்வேறு ஆட்கள் என்றே எண்ணுவார். இதழில் அச்சான பெயருக்கு ஒரு புலம், அறியப்பட்ட பெயருக்கு ஒரு புலம், இரண்டுக்கும் தனித்தனிக் காட்சி என்பதே சரியான தீர்வு. மயன் என்ற பெயரில் கவிதை எழுதிய க. நா. சு.வுக்கும் இதுவே பொருந்தும்.

அகர வரிசையும் இப்படிப்பட்டதே. யூனிகோடு எண்களின்படி மட்டும் அடுக்கினால் னகரம் நகரத்தை அடுத்து வந்து நின்றுவிடும். 'மலர்' என்பதற்கு முன் 'மனம்' வரும். புள்ளியெழுத்துகளும் பின்னே தள்ளப்படுவதால் 'அக்கம்' என்ற சொல் 'அகம்' என்பதற்குப் பின் போய்விடும். தமிழ் வரிசைமுறையைத் தேர்ந்து அமைத்தால் இது தீரும். ஆனால் வரிசை தவறு என்று சொல்வதற்கு அகராதி புரட்டிப் பழகிய ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது வெற்றிடம். ஆண்டுவாரிக் காட்சியில் ஆண்டுப் புலம் நிரப்பப்படாத இதழ் பல அமைப்புகளில் தோன்றவே தோன்றாது. அழியவில்லை, ஆனால் இல்லை. பழைய வெளியீடு ஒன்றில் 'பிரபவ' என்று மட்டும் இருந்தால் அது 1867இல் தொடங்கிய ஆண்டா, 1927இல் தொடங்கியதா? தாளையும் அச்செழுத்தையும் உள்ளடக்கத்தையும் பார்த்துத்தான் முடிவுக்கு வர முடியும். முடிவு எட்டாதபோது ஊகத்தை உண்மைபோல் எழுதிவிடக் கூடாது. 'ஆண்டு தெரியாதவை' என்று ஒரு கிளையை வெளிப்படையாக வைப்பதே நேர்மை. ஆய்வாளர்கள் முதலில் தேடிச் செல்ல வேண்டிய கிளையும் அதுவே என்போம்.

காட்சிகளைக் கூட்டிக்கொண்டே போகவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. முப்பது வழிகளைத் திறந்துவைத்தால் வாசகர் வாசலிலேயே நின்றுவிடுவார். யார் வருவார்கள், எதைக் கையில் வைத்துக்கொண்டு வருவார்கள் என்று கேட்டு, நான்கைந்து வழிகளைச் செம்மையாக அமைத்தால் போதும். ஒருவருக்கு எழுத்தாளர் பெயர் மட்டும் தெரிந்திருக்கும். மற்றொருவருக்கு இதழின் பெயரும் ஏறத்தாழ ஓர் ஆண்டும்.

எந்த ஆசிரியரை எந்தப் பெயரில் வைப்பது, எதை எதனோடு சேர்ப்பது என்பவை இலக்கிய வரலாற்று முடிவுகள். அவற்றைத் தமிழ் படித்த நாம் எடுக்காவிட்டால் மென்பொருளின் இயல்பமைப்பு எடுத்துவிடும். அதற்குப் பசுவய்யாவைத் தெரியாது. நமக்குத் தெரியும் அல்லவா?