உங்கள் ஆதார் யார் கம்ப்யூட்டரில் இருக்கிறது?

சம்பா பயிருக்குக் காப்பீடு செய்யும் நாட்களில் தஞ்சாவூர், ஒரத்தநாடு, பாபநாசம் பக்கம் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் பாருங்கள். சிட்டா, அடங்கல், ஆதார், பாங்க் பாஸ்புக் என்று ஒரு குடும்பத்தின் மொத்த ஜாதகமும் கடைக்காரர் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் போல்டரில் கிடக்கும். சிட்டாவில் ரகசியம் இல்லை. சர்வே எண் தெரிந்தவர்கள் அரசு இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆனால் அதோடு ஆதாரும் பாஸ்புக்கும் கையெழுத்தும் ஒரே இடத்தில் சேர்ந்தால்? கடைக்காரர் நல்லவர்தான். அவர் கம்ப்யூட்டரில் இருக்கும் வைரஸும் நல்லதா?

"வாட்ஸ்அப் என்கிரிப்ட் ஆகித்தானே போகிறது?" என்பீர்கள். உண்மை. ஆனால் என்கிரிப்ஷன் பைலை வழியில்தான் காக்கும். போய்ச் சேர்ந்த கம்ப்யூட்டரில் யார் திறந்தாலும் அது திறக்கும்.

இப்போதுதான் வீட்டில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் இருக்கிறதே! சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகனுக்கு ஆவணம் அனுப்ப இனி கடைக் கம்ப்யூட்டர் எதற்கு? போனிலேயே ஸ்கேன் செய்யுங்கள். அதை வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மாற்ற லோக்கல்சென்ட் என்ற இலவச புரோகிராம் போதும். இரண்டு கருவிகளும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். போனின் ஹாட்ஸ்பாட்டிலும் வேலை செய்யும். இன்டர்நெட்டே வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு நாட்கணக்கில் தொடர்பில்லாமல் தவித்த பட்டுக்கோட்டை, பேராவூரணிக்காரர்களுக்கு இதன் அருமை புரியும். முதல் தடவை விண்டோஸ் பயர்வால் அனுமதி கேட்கும். வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் கொடுங்கள். (ஷேர்இட், ஜெண்டர் இரண்டையும் மத்திய அரசு 2020 ஜூன் 29-ல் தடை செய்தது. யாராவது பழைய காப்பி கொடுத்தால் வாங்காதீர்கள்.)

வெளியூருக்கு அனுப்ப நான் சொல்வது மேஜிக் வோர்ம்ஹோல். பிரையன் வார்னர் என்பவர் உருவாக்கியது. பைலை அனுப்பியதும் ஒரு எண்ணும் இரண்டு ஆங்கிலச் சொற்களும் திரையில் வரும். அதை மகனுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும். அவர் டைப் செய்தால் பைல் இறங்கும். நடுவில் ஒருவன் குருட்டாம்போக்கில் சொற்களைப் போட்டுப் பார்த்தால் பலிக்க வாய்ப்பு 65,536-ல் ஒன்று. தப்பானால் அந்தக் கோடு அத்துடன் செல்லாது. நேர் இணைப்பு கிடைக்காவிட்டால் பைல் ஒரு சர்வர் வழியாகப் போகும். அந்த சர்வராலும் அதைப் படிக்க முடியாது. இரண்டு பக்கக் கம்ப்யூட்டர்களும் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் ஒரே தொல்லை.

கறுப்புத் திரையில் கட்டளை எழுத வேண்டுமே என்று மிரள வேண்டாம். அனுப்ப ஒரு வரி, வாங்க ஒரு வரி. பாங்க் செலானை நிரப்புவது இதைவிடக் கஷ்டம். கோடை மட்டும் ஈமெயிலில் அனுப்பாதீர்கள். போனில் மகன் குரலைக் கேட்டுச் சொல்லுங்கள்.

பிரிண்டுக்குக் கடைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால், காசு கொடுக்கும் முன் பைலை உங்கள் கண்ணெதிரே ஷிப்ட்டும் டெலீட்டும் சேர்த்து அழுத்தி அழிக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அங்கேயும் 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.